முன்பாய்க்கு எத்தனை டிகிரி?

காற்றை எதிர்த்து ஏறும் ஒரு சிறிய பாய்மரப் படகைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு விநோதம் கண்ணில் படும். பாய்மரத்துக்குப் பின்னால் விரிந்திருக்கும் பெரும்பாயின் அடியைத் தாங்கும் கிடைக்கழி, ஏறக்குறைய படகின் நட்டநடுவில் நிற்கிறது. பாய்மரத்துக்கு முன்னால் இருக்கும் முன்பாயோ அப்படி நிற்பதில்லை. அதன் கீழ்மூலை நடுக்கோட்டை விட்டு விலகி, ஒருபக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே படகின் பாய்கள். இரண்டின்மீதும் வீசுவது ஒரே காற்று. அப்படியிருக்க ஒன்று நடுவிலும் மற்றது ஓரத்திலும் நிற்பானேன்?

முன்பாயையும் நடுவுக்கு இழுத்துவிட்டால் படகு காற்றுக்கு இன்னும் நெருக்கமாக ஏறும் என்று தோன்றுகிறது. பாய்மரம் பழக வருபவர்களில் பலர் இதைச் செய்து பார்ப்பார்கள். கயிற்றை இறுக்கியதும் படகு அதிகமாகச் சாயும், ஏதோ விசை கூடியதுபோல் இருக்கும். ஆனால் கரையிலுள்ள ஓர் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், படகு முன்னே போவது குறைந்து பக்கவாட்டில் நழுவுவது கூடியிருக்கும்.

முன்பாயை எந்தக் கோணத்தில் இழுத்துக் கட்டுவது என்ற இந்தச் சிறிய கேள்விக்குள் காற்றியக்கவியலின் சுவையான பகுதிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பல பத்தாண்டுகளாகப் பாடநூல்களே தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

கோணத்தை அளப்பது

முன்பாய் ஒரு முக்கோணம். அதன் முன்விளிம்பு, பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து படகின் அணியத்துக்கு இறங்கும் கம்பியோடு சேர்ந்திருக்கும். அணியத்தருகே இருப்பது முன்மூலை. மேலே இருப்பது தலைமூலை. மூன்றாவதான பின்மூலைதான் காற்றில் அலையும் மூலை. அதைக் கயிறு போட்டுப் பிடித்தாக வேண்டும். படகுக் கழகங்களில் அந்தக் கயிற்றை ஷீட் என்கிறார்கள். தமிழ்க் கடற்கரையின் பாய்த்தொழிலில் அது தாமான்.

பின்மூலையிலிருந்து வரும் தாமான், தளத்தில் பொருத்திய ஒரு கப்பி வழியாகப் படகோட்டியின் கைக்குப் போகிறது. முன்மூலையிலிருந்து அந்தக் கப்பியை நோக்கி ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கும் படகின் நடுக்கோட்டுக்கும் இடையில் உள்ளதுதான் ஷீட்டிங் ஆங்கிள். தமிழில் தாமான் கோணம் எனலாம். குடும்பத்தோடு உலா போகும் சிறு படகுகளில் இது பெரும்பாலும் 10 முதல் 12 டிகிரி வரை இருக்கும். பந்தயப் படகுகளில் 7, 8 டிகிரி வரை இறங்கும்.

இதை அளக்கக் கோணமானி தேவையில்லை, அளவுநாடா போதும். முன்மூலையிலிருந்து நடுக்கோட்டில் 3 மீட்டர் பின்னால் வந்து, அங்கிருந்து செங்குத்தாக 53 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் அது 10 டிகிரி. 37 சென்டிமீட்டர் என்றால் 7 டிகிரி. 64 என்றால் 12. அந்தத் தொலைவில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். கப்பியை நான்கு விரற்கடை உள்ளே நகர்த்தினாலே படகின் போக்கு மாறிவிடுகிறது.

படகே உண்டாக்கும் காற்று

கோணங்களைப் பேசுமுன் எந்தக் காற்றைப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கரையில் நிற்பவர் உணரும் காற்று வேறு, ஓடும் படகில் இருப்பவர் உணரும் காற்று வேறு. படகு முன்னேறுவதால் முன்னாலிருந்து ஒரு காற்று பிறந்து, இயற்கைக் காற்றோடு கலந்துவிடுகிறது. பாய் அறிவது இந்தக் கலவையை மட்டுமே. இதைத் தோற்றக் காற்று என்று அழைப்போம்.

10 நாட் வேகக் காற்று, அணியத்திலிருந்து 45 டிகிரி விலகி வீசுகிறது. படகு 5 நாட் வேகத்தில் ஓடுகிறது. இரண்டையும் கூட்டினால் தோற்றக் காற்று ஏறக்குறைய 14 நாட் வேகத்தில், அணியத்திலிருந்து 30 டிகிரியில் வரும். வேகம் கூடிவிட்டது, ஆனால் திசை 15 டிகிரி முன்னே நகர்ந்துவிட்டது. இந்த 30 டிகிரிதான் பாய்க்குக் கிடைக்கும் முதல். பாயை எங்கே நிறுத்துவது என்பதை இதற்குள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதில் தாமான் கோணம் 10 டிகிரி போனால், காற்று பாயைச் சந்திக்கும் கோணம் மீதி 20 டிகிரி. இதற்குத் தாக்குகோணம் என்று பெயர். பாய் வளைந்த துணி என்பதாலும், அருகில் இன்னொரு பாய் இருப்பதாலும் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. என்றாலும் இந்தக் கழித்தல் படகோட்டிக்கு நல்ல வழிகாட்டி. தாக்குகோணம் மிகச் சிறியதானால் பாய் படபடக்கும். மிகப் பெரியதானால் காற்று பாயின் மறுபக்கத்தில் ஒட்டி ஓட முடியாமல் பிரிந்து சுழலும். பாய் நன்றாக வேலை செய்யும் கோணங்கள் இவ்விரண்டுக்கும் நடுவில், ஒரு சில டிகிரி அகலத்துக்குள் இருக்கின்றன.

கயிற்றை இறுக்கியவரின் படகு ஏன் தவித்தது என்பதற்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. படகின் திசையை மாற்றாமல் பாயை மட்டும் உள்ளே இழுத்தால் தாக்குகோணம் கூடிக் காற்று பிரிந்துவிடும். படகைக் காற்றை நோக்கித் திருப்பித் தாக்குகோணத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாலும் கணக்கு முடிவதில்லை. அங்கே வேறொரு செலவு காத்திருக்கிறது.

எதிர்க்காற்றில் ஏறும்போது பாய் செய்வது விமான இறக்கையின் வேலை. வெளிவளைவுப் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது, உள்வளைவுப் பக்கத்தில் கூடுகிறது. இந்த வேறுபாட்டால் எழும் தூக்குவிசை, வரும் காற்றுக்குச் செங்குத்தான திசையில் செயல்படும். இறக்கையில் அது மேல்நோக்கி இருக்கும். பாயிலோ அதன் பெரும்பகுதி பக்கவாட்டில் போய்விடுகிறது. ஒரு பங்குதான் முன்நோக்கி. தோற்றக் காற்று 30 டிகிரியில் வந்தால் 100 பங்கு தூக்குவிசையில் 50 பங்கு முன்நோக்கிக் கிடைக்கும். 25 டிகிரிக்கு நெருங்கிப் போனால் அது 42 பங்காகக் குறையும். காற்றின் இழுவை இதிலிருந்தும் கொஞ்சம் பறித்துக்கொள்ளும்.

முன்தள்ளும் விசை குறைந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நீருக்கடியில் இன்னொரு சிக்கல் எழுகிறது. படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுப்பது அடியில் தொங்கும் கீல் அல்லது நடுப்பலகை. அதுவும் நீருக்குள் ஓடும் ஓர் இறக்கைதான். அதன் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் 5 நாட்டிலிருந்து 4.5 நாட்டுக்கு இறங்கினால், அதே கோணத்தில் கீல் தரும் விசை 19 விழுக்காடு குறைந்துவிடும். அதை ஈடுகட்டப் படகு இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் நழுவித்தான் ஆக வேண்டும். அணியம் காற்றை நோக்கி அழகாகத் திரும்பியிருக்கும், ஆனால் படகு போகும் வழி திரும்பியிருக்காது.

இந்தப் பேரத்தை எண்ணில் வைத்தும் பார்க்கலாம். 45 டிகிரியில் 5 நாட் வேகத்தில் ஓடும் படகு, நேர் எதிர்க்காற்றுத் திசையில் மணிக்கு 3.5 கடல் மைல் ஏறுகிறது. 42 டிகிரிக்கு நெருங்கி ஓடி அதே ஏற்றத்தைப் பெற அதற்கு 4.76 நாட் வேகம் போதும். ஆக, 3 டிகிரி நெருங்கியதற்கு விலை கால் நாட்டுக்குக் குறைவாக இருந்தால் ஆதாயம். அதற்கு மேல் போனால் நட்டம்.

இரண்டு பாய்களின் கூட்டு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பெரும்பாய் நடுவில் நிற்க முடிகிறதே, அதற்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாதா?

நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம் இது: முன்பாய்க்கும் பெரும்பாய்க்கும் இடையே ஒரு குறுகலான சந்து இருக்கிறது. குறுகிய வழியில் பாயும் காற்று வேகமெடுக்கும். அந்த வேகக் காற்று பெரும்பாயின் முதுகை உரசி ஓடி, அதன் விசையைக் கூட்டுகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் விமான இறக்கைகளில் பிளவு வைக்கும் உத்தி பிறந்தபோது, அதற்கும் இதே மாதிரி விளக்கமே தரப்பட்டது. படகோட்டம் பற்றிய நூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

இதை எதிர்த்தவர் ஆர்வெல் ஜென்ட்ரி. கலிபோர்னியாவில் டக்ளஸ் விமான நிறுவனத்தில் காற்றியக்கவியல் ஆய்வாளராக இருந்த அவர், ஓய்வு நேரத்தில் பாய்மரப் படகு ஓட்டுபவர். தொழிலில் தாம் அறிந்த காற்றும் படகு நூல்கள் சொல்லும் காற்றும் ஒத்துப்போகவில்லை என்று கண்டார். மின்சாரம் கடத்தும் தாளில் பாய்களின் குறுக்குவெட்டு வடிவங்களை அமைத்து, காற்று எந்த வழிகளில் ஓடும் என்பதை வரைந்தெடுத்தார். மின்புலத்தையும் உராய்வற்ற காற்றோட்டத்தையும் ஒரே வகைக் கணிதம் ஆள்வதால் இது முடிந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆய்வரங்கிலும், பின்னர் 1973இல் அமெரிக்காவின் செயில் இதழில் தொடர் கட்டுரைகளாகவும் தம் முடிவுகளை வெளியிட்டார்.

படங்கள் காட்டிய உண்மை பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. சந்துக்குள் நுழையும் காற்று வேகமெடுக்கவில்லை, வேகம் குறைந்தது. முன்பாய் இல்லாதபோது பாய்மரத்துக்கும் அந்த முன்கம்பிக்கும் இடையே எவ்வளவு காற்று போகுமோ, முன்பாயை ஏற்றியபின் அதைவிடக் குறைவாகவே போகிறது. மீதிக் காற்று எங்கே? முன்பாயின் வெளிப்புறமாகச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது.

இறக்கையாகச் செயல்படும் எந்தப் பாயும் தன்னைச் சுற்றியுள்ள காற்றையெல்லாம் வளைக்கிறது; தனக்கு முன்னால் தொலைவில் வரும் காற்றையும் சேர்த்தே. பெரும்பாய் அப்படித் தனக்கு முன்னே உள்ள காற்றை வளைக்கும்போது, அந்த இடத்தில் நிற்கும் முன்பாய்க்குக் காற்று இன்னும் பக்கவாட்டிலிருந்து வருவதுபோல் ஆகிறது. அதாவது, முன்பாய்க்குக் கிடைக்கும் கோணம் 30 டிகிரிக்கும் அதிகம். முன்பாயைத் தாண்டிவரும் காற்றோ ஏற்கெனவே வளைக்கப்பட்டுப் படகின் பின்பக்கம் நோக்கித் திரும்பியிருக்கிறது. எனவே பெரும்பாய்க்குக் காற்று அதிகமாக முன்னாலிருந்தே வருகிறது. அதன் கோணம் 30 டிகிரியைவிடக் குறைவு.

ஒரே காற்று என்று நினைத்ததுதான் பிழை. இரண்டு பாய்களும் வெவ்வேறு காற்றில் நிற்கின்றன. ஒன்றின் காற்றை மற்றது செய்து கொடுக்கிறது. முன்பாய் ஓரமாக நின்றும் காற்றுக்கு நெருங்கி ஏற முடிவதும், பெரும்பாய் நடுவுக்கு வந்தே ஆக வேண்டியிருப்பதும் இதனால்தான். வெளியே தள்ளி நிற்கும் முன்பாயின் விசை முன்நோக்கி அதிகம் சாய்ந்திருப்பதால், தன் பரப்புக்கு மீறிய பங்கை அது இழுக்கிறது.

முன்பாய்க்கு இன்னொரு சலுகையும் உண்டு. அதன் பின்விளிம்பு முடியும் இடம், பெரும்பாயின் முதுகில் காற்று விரைந்தோடும் பகுதி. எனவே முன்பாயின் முதுகில் ஓடிவரும் காற்று, விளிம்பை அடையும்போது வெகுவாக வேகம் குறையத் தேவையில்லை. காற்று சட்டென்று வேகம் குறையவேண்டி வரும்போதுதான் துணியை விட்டுப் பிரிகிறது. ஆகவே பக்கத்தில் பெரும்பாய் இருக்கும்வரை முன்பாய் அதிக விசையைத் தாங்கும். டக்ளஸ் நிறுவனத்தின் இன்னோர் ஆய்வாளரான ஏ.எம்.ஓ. ஸ்மித், பல துண்டுகள் கொண்ட விமான இறக்கைகளில் இதே நிகழ்வு நடப்பதை 1975இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுரையில் விரிவாக விளக்கினார்.

தாமான் கோணத்தைக் குறைத்தால் பெரும்பாய் என்ன ஆகும் என்பதும் இப்போது புரியும். கப்பியை மிகவும் உள்ளே கொண்டுவந்தால், பெரும்பாயின் முன்பகுதி உப்பி உள்ளே மடிந்து துடிக்கத் தொடங்கும். முன்பாயிலிருந்து வரும் காற்று பெரும்பாயின் முதுகில் மோதுவதாகத்தான் பலரும் நினைப்பார்கள். ஜென்ட்ரியின் படங்கள் வேறு காரணம் சொல்கின்றன. சந்தில் காற்று மந்தமாவதால் அந்த இடத்தில் அழுத்தம் ஏறுகிறது. துணியின் இருபக்க அழுத்தமும் சமமானவுடன், அதை ஒருபக்கமாகப் பிடித்துவைக்க எதுவும் இல்லை; துணி தளர்ந்து துடிக்கிறது.

நூலிழை சொல்லும் செய்தி

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க வைக்கும் கருவி மிக மலிவானது: ஒரு சாண் நீளக் கம்பளி நூல். முன்பாயின் முன்விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, கீழே, நடுவே, மேலே என மூன்று உயரங்களில், துணியின் இரண்டு பக்கமும் நூல்களை ஒட்டிவிடுவார்கள். காற்று துணியை ஒட்டி ஓடினால் நூல் படிந்து பின்னோக்கி நிற்கும். பிரிந்துவிட்டால் நூல் சுழன்று ஆடும்.

காற்று வரும் பக்கத்து நூல் மேலெழுந்து ஆடினால் தாக்குகோணம் போதவில்லை. தாமானை இறுக்க வேண்டும் அல்லது படகைக் காற்றிலிருந்து சற்று விலக்க வேண்டும். மறுபக்கத்து நூல் ஆடினால் கோணம் மிஞ்சிவிட்டது. தாமானைத் தளர்த்த வேண்டும் அல்லது காற்றை நோக்கித் திரும்ப வேண்டும். ஜென்ட்ரி இதிலும் ஒரு படி மேலே போனார். முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி வரிசையாகச் சிறு நூல்களை ஒட்டினார். காற்று பிரிந்து மறுபடி ஒட்டும் சிறு குமிழின் நீளத்தை, எத்தனை நூல்கள் ஆடுகின்றன என்று எண்ணியே படகோட்டி அறிந்துகொள்ளலாம். இன்றும் அவற்றுக்கு ஜென்ட்ரி நூல்கள் என்றே பெயர்.

இந்த நூல்கள் இன்னொரு கேள்வியையும் எழுப்பும். கீழே உள்ள நூல் ஒழுங்காக ஓடும்போது மேலே உள்ளது மட்டும் ஆடினால் என்ன செய்வது?

முன்னே பின்னே

கடலின் மேல்மட்டத்தில் காற்று நீரோடு உரசி மெதுவாகிறது. உயரே போகப் போக வேகம் கூடும். தளத்தருகே 10 நாட் வீசும் காற்று பாயின் உச்சியில் 12 நாட் என்று வைத்துக்கொண்டால், முன்பு பார்த்த கணக்கின்படி உச்சியில் தோற்றக் காற்று 30 டிகிரிக்குப் பதிலாக 32 டிகிரியில் வரும். ஆகவே பாயின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சற்று அதிகமாக வெளியே திறந்திருக்க வேண்டும். இந்தத் திருகலுக்கு முறுக்கம் என்று பெயர்.

முறுக்கத்தை ஆள்வது கப்பியின் முன்பின் இடம். துவைத்த வேட்டியை இருவர் பிடித்து உதறும்போது, ஒருவர் தம் கைமூலையைக் கீழ்நோக்கி இழுத்தால் ஓர் ஓரம் விறைக்கும். பக்கவாட்டில் இழுத்தால் மற்ற ஓரம் விறைத்து முதல் ஓரம் தளரும். முன்பாயின் பின்மூலையும் அப்படித்தான். கப்பி முன்னே இருந்தால் தாமான் கீழ்நோக்கி இழுக்கும். பின்விளிம்பு இறுகும், முறுக்கம் குறையும், பாயின் அடிப்பகுதி தளர்ந்து குழிவாகும். கப்பி பின்னே போனால் அடிவிளிம்பு இறுகித் தட்டையாகும், பின்விளிம்பு தளர்ந்து பாயின் மேற்பகுதி வெளியே திறக்கும்.

தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. தாமான் பின்மூலையை அடையும் திசையிலேயே கோட்டை நீட்டிக்கொண்டு போனால், அது முன்விளிம்பை ஏறக்குறைய பாதி உயரத்தில் வெட்ட வேண்டும். பிறகு நூல்களின் முறை. படகை மெல்லக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். மேல் நூல் முதலில் ஆடினால் உச்சி அதிகம் திறந்திருக்கிறது. கப்பியை முன்னே தள்ளலாம். கீழ் நூல் முதலில் ஆடினால் கப்பியைப் பின்னே. மூன்றும் ஒன்றாக ஆடினால் முறுக்கம் காற்றுக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது.

பாயை முன்கம்பியில் சுருட்டிச் சிறிதாக்கும் அமைப்புள்ள உலாப் படகுகளில் இந்த வேலை இன்னும் அவசியம். பாயைச் சுருட்டச் சுருட்டப் பின்மூலை முன்னேயும் மேலேயும் நகர்ந்துவிடும். கப்பி பழைய இடத்திலேயே இருந்தால் உச்சி முழுவதும் திறந்து படபடக்கும். காற்று வலுத்த நாளில் பலர் பாயை மட்டும் சுருட்டிவிட்டுக் கப்பியை மறந்துவிடுகிறார்கள்.

அகலத்தை ஆண்டவர்கள்

நீளவாக்கில் நகரும் கப்பித் தடம் எளிது; தளத்தில் ஒரு தண்டவாளம் போதும். உள்ளும் புறமும் நகர்த்துவதுதான் கடினம். கப்பியை எவ்வளவு உள்ளே கொண்டுவர முடியும் என்பதைப் பாயின் நீளமும் கட்டுப்படுத்துகிறது. 1926இல் இத்தாலியின் ஜெனோவா நகரப் பந்தயத்தில் ஸ்வீடன் நாட்டுப் படகோட்டி ஸ்வென் சலேன், பாய்மரத்தையும் தாண்டிப் பின்னே நீளும் பெரிய முன்பாயைப் பயன்படுத்தினார். அந்த வகைக்கு ஜெனோவா என்ற பெயரே நிலைத்துவிட்டது. பரப்பு அதிகம், விசை அதிகம். ஆனால் பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகளுக்கு வெளியே சுற்றிவரும் பாயை, அந்தக் கம்பிகளைத் தாண்டி உள்ளே இழுக்க முடியாது. தாமான் கோணத்தின் கீழ்வரம்பைக் கம்பிகளின் அகலமே தீர்மானித்துவிடும்.

1960-களில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் லைட்னிங் வகைப் படகோட்டிய பார்பர் சகோதரர்கள் ஒரு சிக்கனமான வழி கண்டார்கள். கப்பியை நகர்த்துவதற்குப் பதில், ஓடும் தாமானையே இன்னொரு சிறு கயிற்றால் பக்கவாட்டில் இழுத்து அதன் திசையை மாற்றினார்கள். பார்பர் ஹாலர் என்று இன்றும் வழங்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தண்டவாளம் வேண்டாம். ஒரு வளையமும் சில அடி கயிறும் போதும். காற்றைப் பக்கவாட்டில் வாங்கி ஓடும்போது பாயை வெளியே திறக்கவும் இதே உத்தி உதவுகிறது.

2012இல் வந்த ஜே-70 என்ற ஏறக்குறைய 7 மீட்டர்ப் பந்தயப் படகில் இந்த எண்ணம் படகின் அன்றாடப் பழக்கமாகவே மாறியது. உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஓடும் இந்த வகையில், முன்பாய் பாய்மரத்தை அதிகம் தாண்டுவதில்லை. எனவே அதை நன்றாக உள்ளே இழுக்க இடமிருக்கிறது. காற்று மிக மெலிந்திருக்கும்போது உள்ளிழுப்பைத் தளர்த்திச் சந்தை அகலமாக விடுவார்கள். நடுத்தரக் காற்றும் அலையடங்கிய நீரும் வாய்த்தால் முழுமையாக உள்ளே இழுப்பார்கள். காற்று வலுத்துப் படகு சாயத் தொடங்கினால் மறுபடி வெளியே விடுவார்கள். ஒரே படகு, ஒரே பாய். ஒரே பந்தயத்துக்குள் கோணம் பலமுறை மாறும்.

காரணங்கள் முன்பு பார்த்தவைதான். மெல்லிய காற்றில் படகு மெதுவாகப் போகிறது, கீலுக்கு வலு இல்லை. முதல் தேவை நெருக்கம் அல்ல, வேகம். நடுத்தரக் காற்றில் தேவையான வேகம் வந்துவிடுகிறது. இனி நெருங்குவதில் ஆதாயம். பலத்த காற்றில் விசை தேவைக்கு மேல் இருக்கிறது. பெரும்பாயைத் தளர்த்தியே ஓட்ட வேண்டியிருப்பதால், முன்பாயும் கூடவே வெளியே போனால்தான் சந்து மூடாமல் இருக்கும். கரடுமுரடான அலையிலும் கோணத்தைச் சற்றுக் கூட்டுவார்கள். ஒவ்வோர் அலையும் படகை உலுக்கித் தோற்றக் காற்றின் திசையை ஆட்டுகிறது. உள்ளே ஒடுக்கிய பாய் அந்த ஆட்டத்தைப் பொறுக்காது.

ஒலிம்பிக்கில் ஓடும் ஃபார்ட்டி நைனர் படகில் ஏற்பாடு வேறு. முன்பாயின் கப்பி, பாய்மரத்துக்கு முன்னால் குறுக்கே போட்ட தடத்தில் ஓடுகிறது. படகு திசை மாறும்போது பாய் தானாகவே மறுபக்கம் போய்விடும். கோணத்தைக் குறுக்குத் தடத்தில் உள்ள தடுப்பு தீர்மானிக்கிறது. கப்பியை முன்னே பின்னே நகர்த்த முடியாததால், பாயின் பின்மூலைப் பலகையில் உள்ள துளைகளில் எதில் கயிற்றை மாட்டுவது என்பதை வைத்து முறுக்கத்தை மாற்றுவார்கள். சென்னையைச் சேர்ந்த கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றதும், பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டியிட்டதும் இந்த வகைப் படகில்தான். அதே ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் ரேடியலுக்கு முன்பாயே கிடையாது, ஒற்றைப் பாய்தான்.

சரியான கோணம் எது என்பதைப் பந்தயக்காரர்கள் எப்படி உறுதிசெய்கிறார்கள்? ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு படகுகள் அருகருகே, ஒன்றின் காற்றை மற்றது மறைக்காத இடைவெளியில், ஒரே திசையில் ஓடுகின்றன. ஒன்றில் எதையும் மாற்றுவதில்லை. மற்றதில் கப்பியை மட்டும் ஒரு டிகிரி நகர்த்துகிறார்கள். சில நிமிடங்களில் எது முன்னேறுகிறது, எது மேலேறுகிறது என்று குறித்துக்கொண்டு, மாற்றத்தைத் திருப்பிப்போட்டு மறுபடி ஓடுகிறார்கள். காற்று ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு படகை மட்டும் வைத்து, நேற்றைய ஓட்டத்தோடு இன்றைய ஓட்டத்தை ஒப்பிட்டால் பயனில்லை; அருகில் ஓடும் இரண்டாவது படகுதான் நம்பத்தகுந்த அளவுகோல்.

துணைப் படகு இல்லாத உலாப் படகுக்காரருக்கும் ஒரு வழி உண்டு. தளத்தில் துளையிட்டுப் புதுத் தடம் பொருத்துமுன், ஒரு வளையத்தைத் தாமானில் கோத்து, அதைச் சிறு கயிற்றால் உள்நோக்கி இழுத்துக் கட்டிவிட்டால் போதும். 12 டிகிரியில் கொஞ்ச நேரம், 10 டிகிரியில் கொஞ்ச நேரம், 8 டிகிரியில் கொஞ்ச நேரம் என்று இரண்டு பக்கமும் மாறிமாறி ஓட்டி, ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் பயணத் திசையையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அணியம் காட்டும் திசையை நம்பக் கூடாது. நழுவலையும் சேர்த்துக் காட்டுவது ஜி.பி.எஸ். மட்டுமே. நீரோட்டம் உள்ள இடத்தில் அதுவும் கணக்கைக் குழப்பும் என்பதால், ஓட்டம் அடங்கிய நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். அகலமான, கீல் ஆழமில்லாத உலாப் படகுகளில் 8 டிகிரி பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். அந்தக் கீல், பாய் கேட்கும் பக்கவிசையைத் தாங்காது. அப்படித் தெரிந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பழைய கப்பியிலேயே தொடரலாம்; தளத்தில் ஒரு துளையும் விழுந்திருக்காது.